மிடி கிட்டாருக்கு சிந்த் வாங்கும்போது சேனலை எண்ணுங்கள்

கேள்வி: பல வருடங்களாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். ஆறு கம்பிக்கும் தனித்தனியாக சிக்னல் எடுக்கும் பிக்கப் ஒன்றும், அதை மிடியாக (இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் டிஜிட்டல் செய்தி முறை) மாற்றும் கன்வெர்ட்டர் பெட்டி ஒன்றும் செகண்ட் ஹேண்டில் கிடைத்தன. ஐந்து பின் மிடி அவுட், யுஎஸ்பி இரண்டும் அதில் உண்டு. நண்பரின் கீபோர்டில் மாட்டிப் பார்த்தேன். பியானோ சவுண்ட் பரவாயில்லை. ஆனால் கார்ட் பிடித்துக்கொண்டு ஒரு கம்பியை மட்டும் பெண்ட் செய்தால் மொத்த கார்டும் சேர்ந்து நழுவுகிறது. பேஸ் சவுண்ட் தாமதமாக வருகிறது. நான் வாசிக்காத சுரங்களும் நடுநடுவே கேட்கின்றன. சொந்தமாக ஒரு சிந்த் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சிந்தசைசர்) வாங்கலாம் என்றிருக்கிறேன். 88 கட்டை வொர்க்ஸ்டேஷன் வாங்கு என்கிறார் ஒருவர், நல்ல அனலாக் சிந்த் ஒன்று போதும் என்கிறார் இன்னொருவர். எதை வாங்குவது?

பதில்: உங்களுக்கு யோசனை சொன்ன இருவரும் கீபோர்டு வாசிப்பவர்களாகத்தான் இருக்க வேண்டும். கீபோர்டுக்காரர் சிந்த் வாங்கப் போனால் முதலில் கட்டையைத் தொட்டுப் பார்ப்பார், அப்புறம் சவுண்டைக் கேட்பார். உங்களுக்குக் கட்டையே தேவையில்லை, சவுண்டும் இரண்டாம்பட்சம்தான். நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டியது, இந்த சிந்த் ஒரே நேரத்தில் எத்தனை மிடி சேனல்களை (மிடி செய்திகள் போகும் தனித்தனிப் பாதைகள்) கேட்கும், ஒவ்வொரு சேனலிலும் பிட்ச் பெண்டை (சுரத்தை வளைக்கும் செய்தி) தனித்தனியாக எடுத்துக்கொள்ளுமா என்பதைத்தான். ஆறு சேனல், தனித்தனி பெண்ட் என்று பதில் வந்தால் மேலே பேசலாம். வராவிட்டால் அது எவ்வளவு பெயர் பெற்ற சிந்தாக இருந்தாலும் உங்கள் கிட்டாருக்குப் பாதிதான் உதவும்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நண்பரின் கீபோர்டில் நீங்கள் பார்த்த கோளாறு இதுதான். மிடியில் 'நோட் ஆன்' என்கிற செய்தி ஒரு சுரத்துக்கு உரியது, பிட்ச் பெண்ட் அப்படியல்ல, அது சேனல் முழுவதற்கும் உரியது. 1983ல் மிடி வந்தபோது பிட்ச் பெண்ட் என்றால் கீபோர்டின் இடது ஓரத்தில் இருக்கும் சக்கரம்தான், அதைத் திருப்பினால் அழுத்தியிருக்கும் எல்லாக் கட்டைகளும் சேர்ந்து நகரும், கீபோர்டுக்காரர் எதிர்பார்ப்பதும் அதைத்தான். கிட்டாரில் நாம் எதிர்பார்ப்பது நேர்மாறானது. மூன்றாவது கம்பியை ஒரு முழு டோன் மேலே தள்ளும்போது முதல் இரண்டு கம்பிகளும் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். ஆறு கம்பியும் ஒரே சேனலில் போனால் இது நடக்க வழியே இல்லை.

இதற்கான தீர்வும் மிடியிலேயே இருக்கிறது, பெயர் மோனோ மோட், பழைய மேனுவல்களில் 'மோட் 4' என்று இருக்கும். கம்பிக்கு ஒரு சேனல், சேனலுக்கு ஒரு சுரம். முதல் கம்பி சேனல் 1, இரண்டாவது கம்பி சேனல் 2 என்று வரிசையாக ஆறு சேனல். உங்கள் கன்வெர்ட்டரில் இந்த மோட் நிச்சயம் இருக்கும், அதை 'மோனோ' என்றோ 'மல்டி' என்றோ குறித்திருப்பார்கள். எதிர்முனையில் ஆறு சேனலையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும், அதுதான் பிரச்சினை.

சிந்த்கள் மூன்று வகை, முதல் இரண்டில்தான் அந்த ஆள் கிடைப்பார்.

முதல் வகை மல்டி டிம்ப்ரல் சிந்த். ஒரு பெட்டிக்குள் பல பார்ட்கள், ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒரு சேனல். கீபோர்டுக்காரர் இதில் ஒன்றில் பியானோ, ஒன்றில் பேஸ், ஒன்றில் டிரம்ஸ் என்று வைத்துக்கொள்வார். நாம் ஆறு பார்ட்டிலும் ஒரே சவுண்டை ஏற்றி, சேனல் 1 முதல் 6 வரை கொடுத்து, ஒவ்வொன்றையும் மோனோவாக்கி, அந்த அமைப்பை அப்படியே சேமித்து வைப்போம். 1994ல் வந்த ரோலண்ட் ஜேவி-1080 மாதிரியான ரேக் மாட்யூல்கள் கிட்டார்காரர்களுக்குப் பிடித்துப்போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: 16 பார்ட், 64 வாய்ஸ் (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஒலிகளின் எண்ணிக்கை), கட்டை கிடையாது. யமஹாவின் டிஎக்ஸ்81இசட் (1987) எட்டு வாய்ஸ், எட்டு பார்ட், எஃப்எம் சவுண்ட், சின்னப் பெட்டி, கம்பிக்கு ஒரு வாய்ஸ் என்ற கணக்குக்கு அது போதும். ரோலண்டின் இன்டெக்ரா-7 இதே குடும்பத்தின் பெரிய அண்ணன், 16 பார்ட், 128 வாய்ஸ்.

இதில் ஒரு நுணுக்கம், 'எத்தனை வாய்ஸ்' என்று போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஜேவி-1080ல் ஒரு சவுண்டுக்குள் நான்கு அடுக்குகள் வரை இருக்கலாம், நான்கும் இயங்கினால் ஒரு சுரமே நான்கு வாய்ஸைத் தின்றுவிடும். 64 என்பது 16 சுரமாகிவிட்டது. ஆறு கம்பிக்கு அது போதும் என்று தோன்றும், ஆனால் விரலை எடுத்த பிறகும் மெதுவாக அடங்கும் பேட் (நீண்டு படரும் பின்னணி ஒலி) சவுண்டாக இருந்தால் பழைய சுரங்களின் வாலும் கணக்கில் சேரும், வேகமாக கார்ட் மாற்றினால் முந்தைய கார்ட் பட்டென்று அறுபடும். இன்னொன்று, தனியாகக் கேட்கும்போது பிரமாதமாக இருந்த சவுண்ட் மல்டி அமைப்பில் சப்பென்று ஆகிவிடும். சவுண்ட் கெட்டுப்போகவில்லை, அதன் எஃபெக்ட் கழன்றுவிட்டது, அவ்வளவுதான். அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் பெரிய எஃபெக்ட் ஒன்றே ஒன்றுதான், எல்லா பார்ட்டும் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆறு பார்ட்டையும் அதே எஃபெக்டுக்குள் திருப்பிவிட்டால் சவுண்ட் திரும்பி வந்துவிடும். நமக்கு ஆறிலும் ஒரே சவுண்ட் என்பதால் இதில் சண்டையும் இல்லை.

இரண்டாவது வகை எம்பிஇ (மிடி பாலிஃபோனிக் எக்ஸ்பிரஷன்) சிந்த். கட்டையை அழுத்தி, அசைத்து, வளைத்து வாசிக்கும் புதுவகைக் கீபோர்டுகளுக்காக 2018ல் மிடியில் அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்பட்ட முறை இது. அடிப்படை யோசனை நம் மோட் 4தான், சுரத்துக்கு ஒரு சேனல். ஆகவே எம்பிஇ என்று போட்டிருக்கும் சிந்த் பெரும்பாலும் கிட்டாருக்கும் ஒத்துவரும். ஹார்டுவேரில் ஹைட்ராசிந்த் டெஸ்க்டாப் நல்ல உதாரணம், எட்டு வாய்ஸ், கட்டை இல்லாத பெட்டி. சாஃப்ட்வேரில் சர்ஜ் எக்ஸ்டி முழுக்க இலவசம், வைட்டலுக்கும் இலவசப் பதிப்பு உண்டு, இரண்டிலும் எம்பிஇ இருக்கிறது.

ஆனால் எம்பிஇயில் எல்லோரும் விழுகிற ஒரு குழி உண்டு. அதில் சேனல் 1 பொதுச் சேனல், அதில் வரும் பெண்ட் எல்லாச் சுரத்தையும் சேர்த்து நகர்த்தும், தனிச் சுரங்கள் 2லிருந்துதான் ஆரம்பம். உங்கள் கன்வெர்ட்டரோ முதல் கம்பியைச் சேனல் 1ல் அனுப்பிக்கொண்டிருக்கும். விளைவு விசித்திரமாக இருக்கும். ஐந்து கம்பிகளும் ஒழுங்காக வளையும், மெல்லிய முதல் கம்பியை வளைத்தால் மட்டும் மொத்தமும் நழுவும். பிக்கப் பழுது என்று நினைத்து ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காதீர்கள். கன்வெர்ட்டரின் ஆரம்பச் சேனலை 2 என்று மாற்றுங்கள், சரியாகிவிடும்.

மூன்றாவது வகை, ஒரே சேனலை மட்டும் கேட்கும் சிந்த். உங்கள் இரண்டாவது நண்பர் சொன்ன அனலாக் சிந்த்களில் பெரும்பாலானவை இந்த ரகம். வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒற்றைச் சுர லீட் வாசிப்பதுதான் உங்கள் ஆசை என்றால் நல்ல மோனோ சிந்த் ஒன்றோடு கிட்டார் பிரமாதமாகப் பொருந்தும், பெண்டும் சிக்கல் தராது, ஏனென்றால் ஒலிப்பதே ஒரு சுரம்தான். கார்டும் வேண்டும் என்றால் கன்வெர்ட்டரை பாலி மோடில் (எல்லாக் கம்பியும் ஒரே சேனலில் போகும் மோட்) வைத்து, பெண்டை அணைத்துவிட்டு வாசிக்க வேண்டியிருக்கும். பியானோ, ஆர்கன் சவுண்டுக்கு அதுவே சரியானதும்கூட, பியானோவில் யாரும் சுரத்தை வளைப்பதில்லை. நண்பரின் கீபோர்டில் பியானோ மட்டும் பரவாயில்லையாக இருந்ததே, அந்தக் கீபோர்டைத் தூக்கிப்போட வேண்டாம், பெண்டை அணைத்துவிட்டு இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள், இன்னும் சுத்தமாக இருக்கும். அனலாக்கில் விதிவிலக்குகளும் உண்டு, 1984ன் ஓபர்ஹைம் எக்ஸ்பாண்டரில் ஆறு வாய்ஸுக்கும் ஆறு தனிச் சேனல் கொடுக்கலாம், கட்டையும் கிடையாது. ஆனால் அது சேகரிப்பாளர்கள் துரத்தும் பொருள், முதல் சிந்தாக அதைத் தேடி அலைய வேண்டாம்.

ஒரு சிந்த் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். மேனுவலை இறக்கிக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள், 'மிடி இம்ப்ளிமென்டேஷன் சார்ட்' என்று ஒரு பக்க அட்டவணை இருக்கும். அதில் 'மோட்' என்ற வரியைப் பாருங்கள். 'மோட் 3, மோட் 4 (எம்=1)' என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அதன் பொருள் ஒவ்வொரு பார்ட்டும் தன் ஒரே சேனலில் மோனோவாக மாறும் என்பதுதான், பார்ட்கள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் நமக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. அட்டவணையில் வட்டம் என்றால் உண்டு, பெருக்கல் குறி என்றால் இல்லை.

சரி, வகை புரிந்துவிட்டது. அடுத்தது பெண்ட் ரேஞ்ச், என்னிடம் வரும் புகார்களில் பாதி இதுதான். பெண்ட் செய்தியில் 'இத்தனை செமிடோன்' என்று எதுவும் இருக்காது. வெறும் எண்தான், 0 முதல் 16383 வரை, நடுவில் 8192. அந்த எண் எத்தனை செமிடோன் என்பதை சிந்த்தான் முடிவு செய்கிறது. கன்வெர்ட்டர் தன்னுடைய ரேஞ்ச் 24 என்று நினைத்து அனுப்ப, சிந்த் வழக்கமான 2லேயே உட்கார்ந்திருந்தால், நீங்கள் முழு டோன் வளைத்தாலும் ஒரு செமிடோனில் ஆறில் ஒரு பங்குதான் நகரும், சுரம் லேசாகப் பிசகியதுபோல் மட்டும் கேட்கும். மாறாக கன்வெர்ட்டர் 2ல், சிந்த் 12ல் இருந்தால் அதே முழு டோன் ஒரு ஆக்டேவ் எகிறும். இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். எந்த எண்? நான் 12ல் ஆரம்பிக்கச் சொல்வேன். சில பழைய மாட்யூல்கள் மேல்நோக்கி அதற்கு மேல் போகாது, ஒரே கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டிலிருந்து பதினைந்துக்கு ஸ்லைடு செய்தாலும் சுரம் மறுபடி தட்டாமல் வழுக்கிக்கொண்டு போக 12 போதும். எம்பிஇ சிந்த்களில் தனிச் சுரத்தின் ரேஞ்ச் வழக்கமாக 48 என்று இருக்கும், கன்வெர்ட்டரால் அவ்வளவு போக முடியாவிட்டால் சிந்த்தில் இறக்கிக்கொள்ளுங்கள். பழைய சிந்த்களில் சில அந்தப் பெரிய எண்ணின் மேல்பாதியை மட்டும் படித்து 128 படிகளாகச் சுருக்கிவிடும், ரேஞ்சை அகலமாக வைத்தால் ஸ்லைடு படிக்கட்டு ஏறுவது காதில் விழும். வாங்கும் முன் மெதுவான ஸ்லைடு ஒன்றை வாசித்துக் கேட்டுவிடுங்கள்.

தாமதத்துக்கு வருகிறேன். இதற்கும் நீங்கள் வாங்கப்போகும் சிந்துக்கும் சம்பந்தம் கொஞ்சம்தான். தடித்த ஆறாவது கம்பி வெறுமனே அதிரும்போது 82.4 ஹெர்ட்ஸ், ஒரு முழு அதிர்வுக்கு 12 மில்லி செகண்ட். இது என்ன சுரம் என்று கன்வெர்ட்டர் தீர்மானிக்க ஓரிரு அதிர்வாவது பார்த்தாக வேண்டும், ஆக 12லிருந்து 25 வரை அங்கேயே போய்விட்டது, பிளெக்ட்ரம் பட்டவுடன் கிளம்பும் கரகரப்பு அடங்கக் காத்திருப்பது தனி. மெல்லிய முதல் கம்பியில் 329.6 ஹெர்ட்ஸ், ஓர் அதிர்வு 3 மில்லி செகண்ட்தான். அதனால்தான் மேல் சுரங்கள் உடனே வருகின்றன, பேஸ் தூங்கி எழுந்து வருகிறது. எவ்வளவு விலை உயர்ந்த சிந்த் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. மாற்ற வேண்டியது வாசிக்கும் இடத்தைத்தான். பேஸ் சவுண்டை சிந்த்தில் 12 அல்லது 24 செமிடோன் கீழே இறக்கி வைத்துவிட்டு, மேல் கம்பிகளில், பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில் வாசியுங்கள். கன்வெர்ட்டருக்கு வேகமான அதிர்வு கிடைக்கும், காதுக்குக் கனமான பேஸ் கேட்கும். ரொம்ப நாளாகக் கிட்டார் சிந்த்காரர்கள் செய்வது இதைத்தான்.

இதில் ஒரு கிளைக்கதை. 1980ல் வந்த ரோலண்ட் ஜிஆர்-300 என்ற கிட்டார் சிந்த் இன்றைக்கும் ஜாஸ் கிட்டார்காரர் பாட் மெத்தனி கையில் ஒலிக்கிறது. அது மிடிக்கு முந்தையது. கம்பியின் அதிர்வே நேராக ஆஸிலேட்டரை (ஒலியை உருவாக்கும் சுற்று) ஓட்டும், 'இது என்ன சுரம்' என்று எண்ணாக மாற்றும் வேலையே அதில் கிடையாது. அதனால்தான் அது அவ்வளவு ஒட்டிக்கொண்டு வருகிறது. பாஸ் எஸ்ஒய்-1000 மாதிரியான பிற்காலப் பெட்டிகளிலும் கம்பியின் சிக்னலையே உருமாற்றும் சவுண்டுகள் உண்டு, அவற்றில் சுரத்தைக் கண்டுபிடிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பிக்கப் 13 பின் கேபிள் வகையாக இருந்தால், வேகமான பேஸ் வாசிப்பதுதான் உங்கள் முதல் ஆசையாகவும் இருந்தால், மிடியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போவது பற்றி யோசிக்கலாம்.

நீங்கள் வாசிக்காத சுரங்கள் கேட்பதும் சிந்தின் குற்றமல்ல. பக்கத்துக் கம்பி கூடச் சேர்ந்து அதிர்வதும், விரல் எடுக்கும்போது வரும் சின்னத் தட்டலும் சுரமாகப் பதிவாகின்றன. கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு பார்த்தால் கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவே சுமார் 1 மில்லி மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், பிக்கப் பிரிட்ஜை ஒட்டி இருக்க வேண்டும். பிறகு கன்வெர்ட்டரில் கம்பிக்குக் கம்பி சென்ஸிடிவிட்டியைச் சரிசெய்யுங்கள், ஓங்கி அடித்தால் மட்டும் உச்சம் தொடும் அளவுக்கு. மிச்சத்தை, தேவையில்லாத கம்பிகளை அமுக்கும் வலது உள்ளங்கை பார்த்துக்கொள்ளும்.

சவுண்ட் தேர்வில் சிந்த் உங்களுக்கு உதவ வேண்டிய இடம் ஒன்று உண்டு. கடையில் கேட்கும் பிரீசெட்கள் எல்லாம் கட்டைக்காகச் செய்தவை, தொட்டவுடன் வெடிக்கும், அழுத்தத்துக்கு ஏற்ப வெவ்வேறு சாம்பிளுக்குத் தாவும். கிட்டாரில் வெலாசிட்டி (எவ்வளவு பலமாக அடித்தீர்கள் என்பதைச் சொல்லும் எண்) கட்டையில் வருவதுபோல் சீராக வராது, ஒரே மாதிரி அடித்தாலும் ஒரு சுரம் 70, அடுத்தது 104 என்று வரும், ஃப்ளூட் திடீரென்று கத்தும். ஆகவே அட்டாக்கைக் கொஞ்சம் மெதுவாக்கவும், வெலாசிட்டியின் பிடியைத் தளர்த்தவும், லெகாட்டோவைப் போடவும் எளிதாக வழிவிடும் சிந்த் வேண்டும். லெகாட்டோ இருந்தால் ஹாமர் ஆன் செய்யும்போது (பிளெக்ட்ரம் இல்லாமல் விரலால் கம்பியைத் தட்டும்போது) சுரம் புதிதாகத் தட்டாமல் தொடரும். மெனுவுக்குள் மெனு என்று தோண்ட வேண்டியிருந்தால் நீங்கள் செய்ய மாட்டீர்கள், நானும் செய்ய மாட்டேன்.

இரண்டு கையும் கிட்டாரில் மாட்டிக்கொண்டிருப்பதால் வால்யூமுக்கும் ஃபில்டருக்கும் கால்தான். எக்ஸ்பிரஷன் பெடலை சிந்த்திலேயே மாட்ட இடம் இருப்பது உத்தமம். கன்வெர்ட்டர் வழியாக அனுப்பினால் அந்தச் செய்தி ஆறு சேனலிலும் போகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பெடலை மிதித்தால் ஒரே ஒரு கம்பி மட்டும் சத்தம் கூடும்.

இணைப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கன்வெர்ட்டரில் யுஎஸ்பி இருக்கிறது, சிந்த்திலும் யுஎஸ்பி இருக்கிறது, ஒரு கேபிள் போதும் என்று நினைப்பீர்கள். நடக்காது. இரண்டும் கம்ப்யூட்டரைத் தேடும் கருவிகள், நடுவில் கம்ப்யூட்டரோ யுஎஸ்பி ஹோஸ்ட் பெட்டியோ இல்லாமல் ஒன்றோடொன்று பேசாது. ஆகவே ஹார்டுவேர் என்றால் ஐந்து பின் மிடி இன் இருக்கும் சிந்தாகப் பாருங்கள். அந்தக் கேபிளில் மூன்று பைட் செய்தி ஒன்று போக ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகும், ஆறு கம்பி கார்ட் அடித்தால் கடைசிச் சுரம் ஆறு மில்லி செகண்ட் பின்னால் வரும், கூடவே ஆறு கம்பியும் பெண்ட் செய்திகளைக் கொட்டினால் நெரிசல்தான். ஸ்ட்ரம்மிங் அதிகமாக உள்ள பாட்டுக்கு பெண்டை அணைத்த அமைப்பு ஒன்றைத் தனியாகச் சேமித்து வையுங்கள்.

இப்போது நேரான பதில். உடனே எதையும் வாங்காதீர்கள். கம்ப்யூட்டர் இருந்தால் யுஎஸ்பியில் மாட்டி சர்ஜ் எக்ஸ்டியை எம்பிஇயில் போட்டு, ஆரம்பச் சேனல் 2, இரு பக்கமும் ஒரே பெண்ட் ரேஞ்ச், ஆடியோ பஃபர் 128 சாம்பிள் என்று வைத்து (48 கிலோஹெர்ட்ஸில் அது 3 மில்லி செகண்டுக்கும் குறைவு) சில வாரம் வாசியுங்கள். லாஜிக் புரோ (ஆப்பிளின் இசைப்பதிவு மென்பொருள்) வைத்திருந்தால் அதன் சிந்த்களிலேயே மிடி மோனோ மோட் என்ற அமைப்பு இருக்கிறது, அது போதும். உங்களுக்கு எந்த மாதிரி சவுண்ட் கையில் படிகிறது என்பது அப்போதுதான் தெரியும். பேட், நகரும் டெக்ஸ்சர், லீட் என்று போனால் ஹைட்ராசிந்த் டெஸ்க்டாப். வயலின், ஃப்ளூட், பிராஸ், ஆர்கன் என்று நிஜ வாத்தியங்கள் பலவும் வேண்டும் என்றால் பழைய 16 பார்ட் ரேக் மாட்யூல் ஒன்று, இரண்டில் இதுதான் சிக்கனமும்கூட. 88 கட்டை வொர்க்ஸ்டேஷன் மல்டி டிம்ப்ரலாக இருந்தால் வேலை செய்யும்தான், ஆனால் தொடாத 88 கட்டைக்கு எதற்குக் காசும் இடமும்?

பழைய மாட்யூல் வாங்குவதாக முடிவானால் உங்கள் கன்வெர்ட்டரையும் கிட்டாரையும் தூக்கிக்கொண்டே போங்கள். ஆறு பார்ட் அமைப்பை அங்கேயே செய்து, கார்டைப் பிடித்தபடி மூன்றாவது கம்பியை மட்டும் வளைத்துப் பாருங்கள். அமைப்பைச் சேமித்து, பவரை அணைத்துவிட்டுச் சில நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள், சேமித்தது அப்படியே இருக்கிறதா? இந்தப் பெட்டிகளில் பல, நினைவகத்தைக் காக்க உள்ளே ஒரு சின்ன பேட்டரியை நம்பி இருப்பவை. அது தீர்ந்திருந்தால் நீங்கள் உட்கார்ந்து செய்த ஆறு பார்ட் அமைப்பு ஒவ்வொரு முறையும் காற்றோடு போய்விடும். பேட்டரி மாற்றுவது பெரிய வேலையில்லை, ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.